அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் குதிரைப்படை வாள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

ஹட்சன்கரை:

வணக்கம் நண்பர்களே. நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரின் வீட்டைக் காலி செய்கிறார்கள். சாமான்களோடு ஒரு அமெரிக்கக் குதிரைப்படை வாளும் விலைக்கு இருக்கிறது. பித்தளைக் கைக்காப்பு, அதிலிருந்து பிரியும் இரண்டு கிளைகள், தோல் சுற்றிய கைப்பிடி, தோலின் மேல் முறுக்குக் கம்பி பாதி அவிழ்ந்து தொங்குகிறது. உறை இரும்பு, நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது. அலகு கைக்காப்பைத் தொடும் இடத்தில் ஒரு பக்கம் சி. ரோபி, வெஸ்ட் செம்ஸ்ஃபோர்ட், மாசசூசெட்ஸ் என்று இருக்கிறது, மறுபக்கம் யு.எஸ்., 1864, கூடவே சில எழுத்துகள். விற்பவரின் கொள்ளுத்தாத்தா கெட்டிஸ்பர்க் சண்டையில் கையில் ஏந்திய வாளாம், அலகில் இருக்கும் கறுப்புத் திட்டு ரத்தக் கறையாம். 1,800 டாலர் கேட்கிறார். பழைய நாணயங்கள் சேர்க்கிறேன், வாள் எனக்குப் புதிது. என்ன சொல்கிறீர்கள்?

இரும்புப்பித்தன்:

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பொருள் நல்ல பொருளாகத்தான் தெரிகிறது, கதைதான் நிற்கவில்லை. கெட்டிஸ்பர்க் சண்டை நடந்தது 1863 ஜூலை 1 முதல் 3 வரை. வாளில் இருப்பது 1864. அது அரசாங்கத்தின் பரிசோதகர் அலகை வளைத்தும் அடித்தும் சோதித்து ஏற்றுக்கொண்ட வருடம், கூடவே இருக்கும் எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். அந்த முத்திரை விழுவதற்கு முன்பே முடிந்துவிட்ட சண்டையில் அந்த வாள் இருந்திருக்க முடியாது.

அதற்காக அந்தக் குடும்பம் பொய் சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தாத்தா கெட்டிஸ்பர்க்கில் இருந்தார், வீட்டில் ஒரு வாளும் இருந்தது, நாலு தலைமுறையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இது எல்லா வீட்டிலும் நடக்கும். அவர் எந்தப் படைப்பிரிவு என்று கேளுங்கள். ஏனென்றால் சாதாரண வீரன் பிடித்த வாள் அவனுடைய சொத்து இல்லை, அரசாங்கத்துடையது. போர் முடிந்தபோது 1865 மே மாதம் ஓர் ஆணை வந்தது: விருப்பப்படுகிறவர்கள் ஆயுதத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், சம்பளக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். மஸ்கெட் என்ற நீளத் துப்பாக்கிக்கு 6 டாலர், வாளுக்கு 3 டாலர். வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த வீரரின் சேவைப் பதிவு இருந்தால், அதில் படையிலிருந்து விடுவித்த நாளின் கணக்கில் அந்த 3 டாலர் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் உண்மையான கதை, கெட்டிஸ்பர்க்கை விட எனக்கு அதுதான் பெரிது.

ரத்தக் கறை விஷயத்தை விட்டுவிடுங்கள். 160 வருடத்து இரும்பில் எல்லாத் திட்டும் கறுப்பாகத்தான் இருக்கும். அந்தப் போரில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களை எதிர்த்துச் சண்டையிட்ட வடக்குப் படையின் மருத்துவப் பதிவுகளில் ஆயுதக் காயங்கள் சுமார் 2,46,000. அவற்றில் வாளாலும் பயனெட் என்ற துப்பாக்கிமுனைக் கத்தியாலும் வந்தவை 922 மட்டும்தான். குதிரைப்படைக்காரனே கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியையும் ரிவால்வரையும் நம்பித்தான் சண்டை போட்டான். ரத்தம் என்று சொல்லி விற்கிற எந்த வாளுக்கும் ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அலகின் அகலத்தை அளந்து சொல்லுங்கள். கைக்காப்புக்குப் பக்கத்தில் ஒரு அங்குலத்தை ஒட்டி இருந்தால் 1860 மாடல். ஒன்றேகால் அங்குலம் இருந்தால் 1840 மாடல், பிரெஞ்சு வாளைப் பார்த்துச் செய்த கனமான வாள், 'மணிக்கட்டு முறிப்பான்' என்று வீரர்களே பட்டப்பெயர் வைத்தது. 1860 அதை இளைக்க வைத்துச் செய்தது.

ஹட்சன்கரை:

அளந்துவிட்டேன், ஒரு அங்குலத்துக்கு ஒரு நூல்தான் கூட இருக்கும். அலகு நீளம் சுமார் 34½ அங்குலம். படைப்பிரிவு தெரியாது என்கிறார் விற்பவர். இது மறுபதிப்பாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா? இணையத்தில் 90 டாலருக்கெல்லாம் இதே உருவத்தில் வாள் கிடைக்கிறதே.

மலைக்கோட்டை:

அந்த 90 டாலர் வாள்களில் நிறைய நம் நாட்டிலிருந்து போவதுதான். டேராடூனில் விண்ட்லாஸ் என்ற பெரிய நிறுவனமே பல பத்தாண்டுகளாகப் பழைய வாள்களின் மறுபதிப்பு செய்கிறது, மறுபதிப்பு என்று சொல்லியே விற்கிறது. உள்நாட்டுப் போர்ச் சண்டைகளை நடித்துக் காட்டும் அமெரிக்கர்களுக்கு அது வேண்டும்தானே. சிக்கல் அடுத்த கை மாறும்போது வருகிறது. இந்தியா என்று அடித்த இடத்தை அரம் வைத்து ராவிவிட்டு, அலகை அமிலத்தில் ஊறவைத்து, மண்ணில் புதைத்து எடுத்து, பாட்டி வீட்டுப் பரணில் கிடந்தது என்று விற்கிறார்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாளைக் கண்ணுக்கு நேராக நீட்டி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். அசல் வாளில் முதுகு கைக்காப்புப் பக்கம் தடிமனாகத் தொடங்கி நுனி நோக்கிச் சீராக மெலிந்துகொண்டே போகும். மலிவான மறுபதிப்புகளில் பெரும்பாலும் ஒரே பட்டைத் தகடு, நுனி வரை அதே தடிமன், அதனால்தான் கையில் எடுத்தால் முன்பக்கம் இழுக்கும். அப்புறம் அலகில் ஓடும் பள்ளத்தின் விளிம்பு. அசலில் கத்தியால் கோடு போட்டது போல இருக்கும், போலியில் அலை அலையாக இருக்கும். கைப்பிடியின் மேல்முனைக் குமிழில் அலகின் வால் வெளியே வந்து சுத்தியலால் அடித்துப் பரப்பியிருக்கும், அந்த இடத்தில் திருகு மரை தெரிந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மரை இல்லாவிட்டாலும் அந்த அடித்த தலை மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தால், யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கழற்றிப் பூட்டியது எல்லாமே நேற்று நடந்ததில்லை. நியூயார்க்கில் பேனர்மன் என்ற வியாபாரி இருந்தார், 1898 ஸ்பானிஷ் போர் முடிந்ததும் மிச்சப் படைச் சரக்கின் பெரும்பகுதியை மொத்தமாக வாங்கியவர். சரக்கு வைக்க ஊருக்குள் இடம் கொடுக்க மறுத்ததால் ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே 1900-இல் விலைக்கு வாங்கிக் கோட்டை போலக் கிடங்கு கட்டினார். 1920-இல் அங்கே வெடிமருந்து வெடித்து ஒரு பகுதி சிதறியது. பெயரைப் பார்த்தால் உங்களுக்குப் பக்கம்தான், ரயிலில் போனாலே இடிபாடு தெரியும். அங்கே மிச்சமிருந்த உதிரிகளைச் சேர்த்துப் பூட்டிய வாள்களும் துப்பாக்கிகளும் விலைப்பட்டியல் மூலம் தபாலில் நாடு முழுக்கப் போயின. அதனால் வாளுக்கும் உறைக்கும் பொருத்தம் இல்லை என்றால் உடனே போலி என்று தள்ளாதீர்கள், விலையில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்சன்கரை:

முதுகு மெலிகிறது, மரை இல்லை, குமிழ்த் தலையும் கைக்காப்பும் ஒரே நிறம். கதையைக் கழித்துவிட்டு ஒரு விலை சொல்லலாம் என்றிருக்கிறேன். வாங்கினால் முதலில் துரு எடுத்து, பித்தளையைப் பளபளப்பாக்கி, அந்தக் கம்பியைப் புதிதாகச் சுற்ற ஆள் பார்க்க வேண்டும்.

இரும்புப்பித்தன்:

வேண்டாம் நண்பரே, தயவுசெய்து வேண்டாம். அந்த பித்தளையின் பழுப்பும் களிம்பும் ஒன்றரை நூற்றாண்டு சேர்த்த சாட்சி. அலகும் கைக்காப்பும் உறையும் ஒன்றாகவே வயதாகியிருக்கின்றன என்று அடுத்தவனுக்குக் காட்டுவது அதுதான். புளி போட்டோ பிராஸோ போட்டோ தேய்த்தால் பத்து நிமிடத்தில் போய்விடும், திரும்ப வரவே வராது. இந்த ஆர்வத்தில் இருப்பவர்கள் தேய்த்த வாளைப் பார்த்தாலே பாதி விலைக்குத்தான் கேட்பார்கள், அது சரியான விலைதான் என்றே நான் சொல்வேன். போலியைக் கண்டுபிடிக்க நமக்கு உதவுவதும் இந்த அழுக்குதான், அதை எடுத்துவிட்டால் அசலையும் போலி வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பரபரவென்று உதிரும் சிவப்புத் துரு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் லேசான எண்ணெய் தடவி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். கறுத்து இறுகிய துருவைத் தொட வேண்டாம், அது அங்கேயே நிற்கும். பிறகு ரெனைசன்ஸ் மெழுகு மெல்லிய பூச்சாக, அருங்காட்சியகங்களில் போடுவது அதுதான். கைப்பிடித் தோலில் எந்த எண்ணெயும் படக் கூடாது. அவிழ்ந்த கம்பியைப் பழைய பள்ளத்திலேயே மெதுவாக வைத்து, வெள்ளைப் பருத்தி நூலால் தற்காலிகமாகக் கட்டி வையுங்கள். கையில் வியர்வை இருந்தால் அலகில் விரல் ரேகை துருவாகவே பதிந்துவிடும், கையுறை போட்டுத் தொடுங்கள்.

பரண்மேல்:

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் அழுக்கோடு வைக்க வேண்டும் என்பது விற்றுப் பணம் பார்க்கிறவர்களின் விதி. அன்றைக்கு அந்த வீரன் தினமும் தேய்த்துப் பளபளப்பாகத்தான் வைத்திருந்தான், அணிவகுப்பில் மங்கலாக இருந்தால் தண்டனை. வீட்டில் மாட்டி ரசிக்க வாங்குகிறவன் தன் வாளைத் தேய்த்தால் என்ன?

சீருடைப்பெட்டி:

நான் துணி சேர்க்கிறவள், வாள் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் இந்தக் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில் உண்டு. அந்த வீரன் தேய்த்தது அவனுக்குக் கொடுத்த வாளை. நமக்குக் கிடைப்பது அவன், அவன் மனைவி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் விட்டுப்போன பொருள். நாம் அதற்கு உரிமையாளர் என்பது கொஞ்ச காலத்துக்குத்தான்.

சீருடையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வடக்குப் படையின் சாதாரண வீரன் போட்டது நீலக் கம்பளித் துணியில் நான்கு பித்தளைப் பட்டன் வைத்த ஒரு தொளதொளக் கோட்டு. லட்சக்கணக்கில் தைத்தார்கள், நான்கே அளவுகளில். இன்று அசல் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம், ஏனென்றால் அது போட்டுக் கிழிக்கிற துணி, போர் முடிந்ததும் வயலில் போட்டுக் கிழித்தார்கள். அதிகாரிகளின் நீளக் கோட்டுகள்தான் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டுத் தப்பின. ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆயுதக் கிடங்கு என்று ஒன்று இருந்தது. அங்கே துணியை வெட்டிக் கட்டிக் கொடுப்பார்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள், நிறையப் பேர் கணவனைப் போரில் இழந்தவர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் முழுக்கக் கையால் தைத்துக் கொண்டுவந்து கூலி வாங்குவார்கள். அந்தக் கோட்டின் கைப்பகுதியைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே முரட்டுப் பருத்தித் துணி, அதன் ஓரத்தில் தையல் ஓரிடத்தில் நெருக்கமாக, ஓரிடத்தில் அகலமாக, வெளிச்சம் போன நேரத்தில் தைத்த மாதிரி கோணிக்கொண்டு ஓடும். அந்தக் கோணலை நேராக்கித் தர ஒரு தையற்காரர் தயாராகத்தான் இருப்பார், கொடுத்தால் அந்தப் பெண்ணின் கை போய்விடும்.

போலி துணியில் வரும்போது நான் முதலில் எடுப்பது புறஊதா விளக்கு. துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வு ரசாயனம் இரண்டாம் உலகப்போரை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. அதனால் 1860களின் தையல் நூல் இருட்டில் நீலமாகப் பளிச்சென்று மின்னினால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. யாராவது நடுவில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அசல் துணியும் மின்னும். பட்டன் பின்பக்கம் பாருங்கள், ஸ்கோவில் கம்பெனி, வாட்டர்பரி என்று எழுத்து இருக்கும், கம்பெனி அந்தப் பெயரில் பதிவானது 1850-இல். ஆனால் பட்டன் கழற்றி மாட்டுகிற பொருள், அசல் பட்டனைப் புதுக் கோட்டில் தைப்பது ஐந்து நிமிட வேலை. பட்டனுக்கு அடியில் துணி வெளிறாத வட்டமாக இருக்கிறதா, தைத்த ஓட்டைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

இன்னொன்றும் அடிக்கடி மாட்டும். பட்டனில் ஜி.ஏ.ஆர். என்று பின்னிய எழுத்து இருந்தால் அது போரில் போட்ட கோட்டு இல்லை. 1866-இல் தொடங்கிய முன்னாள் வீரர் சங்கத்தின் உடை, வயதான பிறகு ஊர்வலத்துக்குப் போட்டது. அதற்கென்று ஒரு மரியாதை உண்டு, ஆனால் போர்க் கோட்டு விலையில் வாங்கிவிடாதீர்கள்.

குமரிக்கடல்:

அக்கா, அந்துப்பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள்? என்னிடம் இருக்கும் கம்பளித் தொப்பியில் ஓட்டை விழ ஆரம்பித்திருக்கிறது. பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

சீருடைப்பெட்டி:

பாச்சா உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் பட்டனையும் சில பூச்சுகளையும் அது கெடுக்கும், உங்கள் மூச்சுக்கும் நல்லதில்லை. தொப்பியை அமிலமில்லாத தாளில் சுற்றி, பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி நன்றாக மூடி, மைனஸ் 20 டிகிரி போகும் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் துணியில் ஈரம் கோக்கும். பிறகு இன்னொரு முறை. வழக்கமான வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி அவ்வளவு குளிராது. தொப்பியில் தோல் முகப்பும் வர்ணமும் இருந்தால் உறைய வைக்கும் முன் கேளுங்கள்.

பரண்மேல்:

நீங்கள் சொன்னதில் ஞாயம் இருக்கிறது, இருந்தாலும் சாதாரணமாகக் கிடைக்கிற வாளுக்கும் அதே விதியா என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. வேறொன்று கேட்கிறேன். என்னிடம் இருக்கும் வாளின் குமிழ் கவசம் போட்ட வீரனின் தலை வடிவம், அலகில் சிலுவையும் கிரீடமும், ஒருவருடைய பெயரும் பொறித்திருக்கிறது. அதிகாரி வாள் என்று வாங்கினேன்.

இரும்புப்பித்தன்:

படை வாளே இல்லை அது. நைட்ஸ் டெம்ப்ளர், ஃப்ரீமேசன் சகோதரச் சங்கத்தின் சடங்கு வாள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-இன் தொடக்கத்திலும் இப்படிப்பட்ட சங்கங்களில் ஊரே சேர்ந்திருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு வாள். ஓஹையோவின் கொலம்பஸில் லில்லி, மிச்சிகனின் கலமசூவில் ஹெண்டர்சன் ஏம்ஸ் போன்றவர்கள் செய்து தள்ளினார்கள். எஃப்.சி.பி. என்று எழுத்து இருந்தால் நைட்ஸ் ஆஃப் பிதியாஸ், அதுவும் சங்க வாள்தான். பெயர் பொறித்திருப்பது நல்லது, அவருடைய ஊரைத் தேடிப் பிடிக்கலாம்.

மலைக்கோட்டை:

கதைக்குப் பணம் கொடுக்காதே என்று மேலே சொன்னதற்கு எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. பி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஆன்டீக்ஸ் ரோட்ஷோ என்று ஒரு நிகழ்ச்சி, மக்கள் வீட்டுப் பழம்பொருளைக் கொண்டுவந்து மதிப்புக் கேட்பார்கள். 1997-இல் ஒருவர் தெற்குப் படையின் வாள் ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டில் கிடந்தது, சின்ன வயதில் தர்பூசணி வெட்டினேன் என்றார். மதிப்பீட்டாளர் 35,000 டாலர் என்றார். பிறகுதான் தெரிந்தது, வந்தவரும் அந்த மதிப்பீட்டாளருக்கும் அவருடைய கூட்டு வியாபாரிக்கும் வேண்டிய ஆள்தான், எல்லாம் ஏற்பாடு. தொலைக்காட்சியில் பெயர் வந்ததும் குடும்பங்கள் தாமாகவே தேடி வந்தன. இவர்களுடைய இன்னொரு வியாபாரத்தில், தெற்குப் படைத் தளபதி பிக்கெட்டின் சீருடையும் மற்ற உடைமைகளும் அவருடைய வாரிசிடமிருந்து 87,500 டாலருக்கு வாங்கப்பட்டு, அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்த ஹாரிஸ்பர்க் நகரத்துக்கு 8,80,000 டாலருக்கு விற்கப்பட்டன. 2001-இல் அந்த இரண்டு வியாபாரிகளும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு இதில் கோபம் வருவது ஏமாந்த பணத்துக்காக மட்டும் இல்லை. அந்தச் சீருடைகள் அசல். அசலை வைத்திருந்த குடும்பத்துக்கு அதன் மதிப்பு தெரியாமல் இருந்தது, தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டான். ஹட்சன்கரை, நீங்கள் வாங்கப்போகும் பெரியவர் வீட்டிலும் இதை நினைவில் வையுங்கள். அவர் 1,800 கேட்கிறார் சரி, அவரே 50 டாலர் கேட்டிருந்தாலும் உண்மை விலையைச் சொல்லிவிட்டுப் பேரம் பேச வேண்டும் என்பேன்.

ஹட்சன்கரை:

இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தெற்குப் படை வாள் என்றால் ஏன் இவ்வளவு விலை?

இரும்புப்பித்தன்:

குறைவாகச் செய்தார்கள், அதுதான். தெற்கில் தொழிற்சாலையும் குறைவு, உலோகமும் தட்டுப்பாடு. ரிச்மண்டில் பாயில் அண்டு கேம்பிள், ஜார்ஜியாவின் கொலம்பஸில் ஹைமன் சகோதரர்கள், இன்னும் சிலர் கிடைத்த உலோகத்தை வைத்துச் செய்தார்கள். வார்ப்பில் குமிழி, கைப்பிடியில் தோலுக்குப் பதில் எண்ணெய்த் துணி, அலகின் பள்ளம் முடிவில்லாமல் கைக்காப்புக்குள் ஓடும். முரட்டு வேலை என்பதே அடையாளம் என்பதால் போலி செய்கிறவனுக்கு வசதியாகிவிட்டது. தெற்கு அரசின் பெயர்ச் சுருக்கமான சி.எஸ். என்று பெரிதாக வார்த்த கைக்காப்பு என்றால் நான் கையையே நீட்ட மாட்டேன். அடிமை முறையைக் காக்கப் போன படையின் பொருள் என்பதையும் மறைக்காமல் அதோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும், அதைப் பெருமைப் பொருளாக மாட்டி வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தோண்டி எடுத்த பொருள் என்று யாராவது கொண்டுவந்தால் எங்கே தோண்டியது என்று கேளுங்கள். கெட்டிஸ்பர்க் போன்ற தேசியப் பூங்கா நிலத்தில் உலோகம் தேடும் கருவியோடு போவதே கூட்டாட்சிக் குற்றம்.

குமரிக்கடல்:

நான் இந்தியாவில் இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வாள் தருவிக்கலாமா?

மலைக்கோட்டை:

ஆயுதச் சட்டத்தில் வாளும் வரும், இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், தபாலில் சும்மா வரவழைத்தால் சுங்கத்தில் நின்றுவிடும். நம் ஊரில் இருந்துகொண்டு சேர்க்க நினைத்தால் பட்டன், தொப்பிச் சின்னம், துணி இவை போதும். அதிலேயே படிக்க ஒரு ஆயுள் வேண்டும்.

குமரிக்கடல்:

சரி அண்ணே. துணி என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்கத் தரைப்படை ஜாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன், உள்பக்கக் கழுத்தில் ஒரு எழுத்தும் நான்கு எண்களும் கறுப்பு மையில் மங்கலாக இருக்கின்றன. பெயர் எதுவும் இல்லை. இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

சீருடைப்பெட்டி:

முடியலாம். அது சலவை அடையாளம். எழுத்து அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்து, எண்கள் அவருடைய படை எண்ணின் கடைசி நான்கு. ஆயிரக்கணக்கான கோட்டுகள் ஒன்றாகச் சலவைக்குப் போய்த் திரும்பி வர அதுதான் வழி. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் தரைப்படையில் சேர்ந்தவர்களின் பட்டியல் படை எண்ணோடு இருக்கிறது, லட்சக்கணக்கான பதிவுகள். கடைசி நான்கு எண்ணையும் முதலெழுத்தையும் வைத்துச் சலித்தால் ஒரு நீளமான பட்டியல் வரும். அதைச் சுருக்க ஜாக்கெட்டின் தோளில் தைத்த டிவிஷன் சின்னம் உதவும். சின்னத்தின் ஓரம் கயிறு மாதிரித் தடித்துப் பின்னியிருந்தால் அது பெரும்பாலும் 1960களுக்குப் பிந்திய வேலை, அதை நம்பித் தேடாதீர்கள்.

ஒருவரைக் குறித்த பிறகு செயின்ட் லூயிஸில் இருக்கும் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதலாம், ஆனால் 1973-இல் அங்கே நடந்த தீயில் 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துவிட்டது. கோப்பு இல்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், அந்தப் படைப்பிரிவின் காலை வருகை அறிக்கைகளைக் கேளுங்கள், யார் வந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார் என்று பெயர் பெயராக இருக்கும்.

ஜாக்கெட்டைத் துவைக்க வேண்டாம். கழுத்துப் பகுதியை மேசையில் விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து ஒரு படம் எடுங்கள், சட்டைப்பைக்குள் அரசாங்கத் துணிச்சீட்டு இருந்தால் அதையும் எடுங்கள், அதில் ஒப்பந்த எண்ணும் தேதியும் இருக்கும். இரண்டையும் இங்கே போடுங்கள், எண்ணைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.